தெரிஞ்ச கால்சைனைத் தேட எனக்கு எதுக்கு டைரக்டரி?

ஆன்லைனில் ஒரு ஹாம் ரேடியோ டைரக்டரியைத் திறக்கிறீர்கள். தேடல் பெட்டியில் ஒரு கால்சைனைத் தட்டுகிறீர்கள். ஒரு எழுத்து பிசகாமல் தட்டினால் ஆளைக் காட்டும். ஒரே ஒரு எழுத்தில் சந்தேகம் என்றால் "பதிவு எதுவும் இல்லை" என்று கையை விரித்துவிடும். இதற்குப் பெயர் தேடலா? என்னைக் கேட்டால் இல்லை. இது வெறும் சரிபார்ப்பு. விடை தெரிந்தவனுக்கு மட்டும் விடை சொல்கிற பெட்டி!

நான் எந்த டைரக்டரியைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைத் திட்டி இன்னொன்றைத் தலையில் தூக்கிவைப்பது என் வேலை இல்லை. நான் பார்த்தவற்றில் பலவும் இதே லட்சணம்தான். இதை யாரும் ஒரு குறையாகவே நினைக்காததுதான் எனக்கு எரிச்சல்.

ஹாம் ரேடியோ என்றதும் எஃப்.எம்.மில் பாட்டுப் போடுகிற வேலை என்று நினைக்கிற கிளாஸ் மக்களுக்காக ஒரே ஒரு பத்தி. (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.) தேர்வு எழுதி, மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் உரிமம் வாங்கி, சொந்தமாக வானொலி நிலையம் வைத்து, காசு வாங்காமல் உலகத்தோடு பேசுகிறவர்கள்தான் ஹாம்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு கால்சைன் உண்டு. தமிழில் அழைப்புக்குறி என்பார்கள். இந்தியாவில் பொது உரிமம் என்றால் வி.யூ.2 என்று தொடங்கும். கட்டுப்படுத்தப்பட்ட உரிமம் என்றால் வி.யூ.3. அந்தமான் நிக்கோபாருக்கு வி.யூ.4, லட்சத்தீவுக்கு வி.யூ.7. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் ஆளைக் காட்டுபவை. மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய கால்சைன் வி.யூ.2.ஆர்.ஜி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பாதிதான் காதில் விழும், அதுதான் வானொலி

ஷார்ட்வேவில் ஒருவர் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அலை ஏறும், இறங்கும். நடுவில் இரைச்சல். பக்கத்து வீட்டு மிக்ஸி வேறு. கூப்பிட்டவர் தன் கால்சைனை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை சொல்வார். அதில் ஒரு எழுத்து அலை இறங்கும் நேரத்தில் காணாமல் போகும். இது அரிதாக நடக்கிற விபத்து இல்லை, தினப்படி சமாச்சாரம்.

ஹாம்கள் பயன்படுத்தும் கியூ குறியீடுகளில் கியூ.ஆர்.இசட் என்று ஒன்று உண்டு. "என்னை அழைப்பது யார்?" என்று அர்த்தம். கூப்பிட்டது யார் என்று தெரியாததால்தானே அந்தக் கேள்வியே பிறந்தது! உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த ஹாம் டைரக்டரி ஒன்றும் இந்தக் குறியீட்டையே பெயராக வைத்திருக்கிறது. ஆக, ஆளைத் தெரியாத நிலையில் கேட்கிற கேள்விதான் இந்தத் துறையின் முதல் கேள்வி. தேடல் பெட்டி மட்டும் எல்லாம் தெரிந்தவர்களுக்காக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு எழுத்து கால்சைனில் ஐந்து சரியாகக் கேட்டுவிட்டது, கடைசி வரிசையில் ஒரு எழுத்து மட்டும் போச்சு. சாத்தியங்கள் 26. நடுவில் வந்த எண் 2-ஆ 3-ஆ என்றும் சந்தேகம் வந்துவிட்டால் 52. இன்றைய பெட்டியில் நான் 52 முறை தட்டித் தட்டி "பதிவு இல்லை", "பதிவு இல்லை" என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்கோ அது கண் சிமிட்டும் நேர வேலை. இந்த 52-ல் உண்மையிலேயே வழங்கப்பட்ட கால்சைன்கள் சிலதான் இருக்கும். அந்தச் சிலதைப் பட்டியல் போட்டுக் காட்டினால் போதும், மீதியை மனுஷன் பார்த்துக்கொள்வான். தெரியாத எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். டாஸ் காலத்தில் கோப்புகளைத் தேடவே இந்த வசதி இருந்தது சாமி.

எல்லாப் பிழையும் ஒரே பிழை இல்லை

"தோராயத் தேடல் வைத்தால் போச்சு, லெவன்ஸ்டைன் தூரம் போட்டால் முடிந்தது" என்று நம்ம சி.எஸ். மக்கள் உடனே கிளம்புவீர்கள். தெரியும். விளாதிமிர் லெவன்ஸ்டைன் 1965-ல் சொன்னது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. நல்ல கருவிதான். ஆனால் அதற்கு பி-யை டி-யாக மாற்றுவதும் ஒன்றுதான், பி-யை கியூவாக மாற்றுவதும் ஒன்றுதான். காதுக்கு அப்படி இல்லையே!

மோர்ஸில் பி என்பது ஒரு கோடு, மூன்று புள்ளி. அதில் ஒரு புள்ளி காற்றில் கரைந்தால் ஒரு கோடு, இரண்டு புள்ளி. அது டி. ஒரு புள்ளி கூடுதலாகக் கேட்டால் ஒரு கோடு, நான்கு புள்ளி. அது 6. எஸ் மூன்று புள்ளி, எச் நான்கு புள்ளி, 5 ஐந்து புள்ளி. நம்ம நாட்டு முன்னொட்டிலேயே வில்லங்கம் இருக்கிறது. வி என்பது மூன்று புள்ளி ஒரு கோடு, யூ என்பது இரண்டு புள்ளி ஒரு கோடு. 2 என்பது இரண்டு புள்ளி மூன்று கோடு, 3 என்பது மூன்று புள்ளி இரண்டு கோடு. எங்கே எது நழுவும் என்று பட்டியலே போட்டுவிடலாம்.

வாயால் பேசும்போது பட்டியல் வேறு. ஆங்கில எழுத்துகளில் பி, சி, டி, ஈ, ஜி எல்லாம் ஒரே ஓசையில் முடிகிறவை. எம்மும் என்னும் இரட்டைப் பிள்ளைகள். எஃப்பும் எஸ்ஸும் அப்படித்தான். அதனால்தானே ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல் வைத்தார்கள்? ஒன்பதை 'நைனர்' என்று நீட்டிச் சொல்ல வைத்தார்கள்? எந்த எழுத்து எதோடு குழம்பும் என்று தெரிந்துதான் இவ்வளவு ஏற்பாடும். வானொலிக்காரர்களுக்குத் தெரிந்த இந்த விஷயம் அவர்களுடைய டைரக்டரிக்குத் தெரியாது என்பது வேடிக்கை.

தேடும்போது "மோர்ஸில் கேட்டேன்" அல்லது "பேச்சில் கேட்டேன்" என்று ஒரு பொத்தான். அதற்கு ஏற்ற குழப்பப் பட்டியல். நெருங்கியது மேலே, தூரத்தது கீழே. அவ்வளவுதான்.

சாய்கோடு போட்டால் செத்தது

ஹாம் வீட்டை விட்டு வெளியே போனால் கால்சைனுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வால் ஒன்று சேர்த்துக்கொள்வார். கையில் தூக்கிப்போன நிலையம் என்றால் பி. வண்டியில் என்றால் எம். கடலில் கப்பல் என்றால் இரண்டு எம். வேறு நாட்டில் அனுமதி வாங்கிப் பேசினால் அந்த நாட்டு முன்னொட்டு தலையில் ஏறும். இலங்கைக்குப் போனவர் 4.எஸ்.7 போட்டு, சாய்கோடு போட்டு, தன் கால்சைனைச் சொல்வார்.

கேட்டதைக் கேட்டபடி தட்டினால் பெட்டி என்ன சொல்லும்? பதிவு எதுவும் இல்லை! சாய்கோட்டில் வெட்டி, துண்டுகளில் எது முழுக் கால்சைன் வடிவில் இருக்கிறது என்று பார்த்து, அதைத் தேட வேண்டும். முதல் செமஸ்டர் சி பாடத்திலேயே இதை எழுத முடியும்.

இதே வகையில் இன்னொன்று. வி.யூ.3-ல் இருப்பவர் தேர்வு எழுதி மேலே போனால் வி.யூ.2 ஆகிவிடுவார். பழைய கால்சைனில் அவரோடு பேசியவர்கள் தேடினால் ஆள் மாயம். சிறப்பு நிகழ்ச்சிகளுக்குத் தற்காலிகக் கால்சைன்களும் உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ் நினைவாக ஒலித்த ஏ.யூ.2.ஜே.சி.பி. அப்படி ஒன்று. பழையது, புதியது, தற்காலிகமானது எல்லாம் ஒரே ஆளிடம் போய்ச் சேர வேண்டும். ஒருவர் காலமாகிவிட்டால் பதிவைத் தூக்கி எறியாமல் அதைக் குறித்துவைக்க வேண்டும். அவரோடு பேசிய பழைய லாக் புத்தகங்கள் எங்கெங்கோ இன்னும் இருக்கின்றன.

எங்க ஊரை எப்படி எழுதுவீங்க?

இதுவரை சொன்னது உலகப் பொதுவான குறை. இனி சொல்வது நம்ம குறை.

ஜப்பானில் கால்சைனில் உள்ள எண் பகுதியைச் சொல்லும். 1 என்றால் தோக்கியோ இருக்கும் கான்டோ பகுதி, 6 என்றால் கியூஷு. இந்தியாவில் 2-ம் 3-ம் உரிமத்தின் தரத்தைச் சொல்பவை, ஊரைச் சொல்லாது. வி.யூ.2 என்று கேட்டால் ஆள் காஷ்மீரா கன்னியாகுமரியா, தெரியாது. ஆகவே ஊர் வைத்துத் தேடும் வசதி நமக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

அந்த வசதி எப்படி இருக்கிறது? எங்க ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் டி-க்கு அப்புறம் எச் போட்டு எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். இரண்டு என் போடுவார்கள், ஒன்றோடு நிறுத்துவார்கள். டி.வி.மலை என்று சுருக்குவார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் காகிதங்களில் ட்ரினோமலி. இதில் எதைத் தட்டுகிறீர்களோ, அப்படி எழுதியவர் மட்டும் வருவார். மற்றவர்கள் ஊரிலேயே இல்லை என்று அர்த்தம்!

மாவட்டம் போட்டுத் தேடலாமே? தேடலாம். 1989 செப்டம்பர் வரை நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். அதற்கு முன் உரிமம் வாங்கியவரின் பழைய முகவரி அப்படித்தான் இருக்கும். 2019-ல் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன. ஆம்பூர்க்காரரும் அரக்கோணத்துக்காரரும் வீட்டை விட்டு நகராமலே மாவட்டம் மாறினார்கள். டைரக்டரியில் மாறியிருக்குமா?

"ஓசை வைத்துத் தேட சவுண்டெக்ஸ் இருக்கிறதே" என்பீர்கள். 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முறை அது. முதல் எழுத்தை அப்படியே வைத்து, மீதி மெய்யெழுத்துகளை எண்ணாக்கி, நான்கு இடத்தோடு நிறுத்திவிடும். போட்டுப் பார்த்தேன். திருவண்ணாமலைக்கு வருவது டி615. எச் போட்டாலும் போடாவிட்டாலும் அதேதான், சபாஷ். ஆனால் திருவனந்தபுரத்துக்கும் டி615! திருவான்மியூருக்கும் டி615! அண்ணாமலையாரையும் பத்மநாப சுவாமியையும் மருந்தீஸ்வரரையும் ஒரே தெருவில் குடிவைத்துவிட்டது சவுண்டெக்ஸ். :) அதே நேரம் எங்க ஊரின் டி.வி.மலைக்கு டி154, ட்ரினோமலிக்கு டி655. சேர வேண்டியது சேரவில்லை, சேரக்கூடாதது சேர்ந்துவிட்டது. ஆள் பெயரிலும் இதே கதி. நம்ம பக்கத்து கணேசன் ஜி-யில் தொடங்குவார், யாழ்ப்பாணத்துக் கணேசன் பலர் கே-யில் தொடங்குவார்கள். முதல் எழுத்தை மாற்றாத சவுண்டெக்ஸுக்கு இவர்கள் வேறு வேறு ஆள்.

பெயரைப் பற்றிச் சொன்னால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்டால் தமிழன் என்ன செய்வான்? கடைசிக் கட்டத்தில் இனிஷியலைப் போடுவான், இல்லை அப்பா பெயரைப் போடுவான். அப்புறம் கடைசிப் பெயர் 'எஸ்' என்று ஒரு பெரிய குடும்பமே உருவாகிவிடும். அப்பாவைத் தேடினால் பிள்ளை வருவான்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. திருவண்ணாமலை என்பதற்குத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டுதான். ஆங்கில எழுத்தில்தான் ஆளுக்கு ஒரு மாதிரி. 2020-ல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஆணை போட்டது. ஊரே கேலி செய்ததில் ஜூன் மாதமே திரும்பப் பெற்றார்கள். அரசாங்கத்தாலேயே முடிவு செய்ய முடியாத விஷயத்தில் தேடுகிறவன் சரியாகத் தட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? தமிழ்ப் பெயரை ஆணியாக அடித்து, அத்தனை ஆங்கில எழுத்துக்கூட்டையும் அதில் மாட்டுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எப்படித் தட்டினாலும் அதே ஊர் வரட்டும்.

இதுல என்ன குடி முழுகிப்போச்சு?

பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு போர்ட் பிளேயரில் வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்ற கால்சைனில் பேசிக்கொண்டிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அந்தமானிலிருந்து ஒலித்த ஹாம் குரல். 26-ம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்கு அந்த நிமிஷமே அவசரச் செய்தித் தொடர்பாக மாறியது. தீவில் இருந்தவர்களைப் பற்றி வெளியே இருந்த உறவினர்களுக்குத் தகவல் போனது.

எங்க ஊருக்கு வாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த நாள், டிசம்பர் 1, திருவண்ணாமலையில் பேய்மழை. தீப மலைச் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் போனார்கள். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரம். லட்சக்கணக்கில் ஜனம் கூடும் ஊர் இது.

அந்த மாதிரி ஒரு ராத்திரியில் செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் உரிமம் உள்ள ஹாம் யார் யார் என்று வெளியூரில் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறை தேடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு எச் கூடுதலாகப் போட்டதால் நான்கு பேரில் ஒருவர்தான் வருகிறார். அல்லது இரைச்சலுக்கு நடுவே யாரோ உதவி கேட்கிறார், கால்சைனில் ஒரு எழுத்து விட்டுப்போகிறது, பெட்டி கையை விரிக்கிறது. அந்த நேரத்தில் 52 முறை தட்ட யாருக்கு நேரம்?

எதிர்ப்பாளர்களுக்கு

ஒன்று. "காதைத் தீட்டிக் கேட்கணும், கேட்கலைன்னா மறுபடி சொல்லச் சொல்லணும். டைரக்டரி பார்த்து ஊகிச்சு லாக் எழுதறது ஏமாற்று வேலை." பெரியவர்கள் சொல்லும் இந்த வாதத்தை மதிக்கிறேன். லாக்கில் எழுதுவது காதில் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் பெட்டி தானாகத் திருத்தக்கூடாது என்கிறேன். சாத்தியமான நாலைந்து பெயரைக் காட்டட்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மைக்கில் கேட்டு உறுதி செய்துகொள்வது மனுஷன் பொறுப்பு. சரியான கேள்வி கேட்க உதவுவது எப்படி ஏமாற்று ஆகும்? மேலும், தொடர்பு அறுந்துபோனவரை மறுபடி சொல்லச் சொல்ல முடியாது.

இரண்டு. "ஊர் வைத்துத் தேட விட்டால் வீட்டு முகவரி சந்திக்கு வரும்." நியாயமான பயம். அதிலும் பெண் ஹாம்களுக்கு. இதற்கு ஹாம்களிடமே மருந்து இருக்கிறது. 1980-ல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் ஊரில் கூடி முடிவு செய்த கட்ட முறை. உலகத்தைக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக் குறி. சென்னை என்.கே.03. பெங்களூரு எம்.கே.82. நாங்கள் எம்.கே.92. வடக்கு தெற்காகச் சுமார் 110 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 215 கிலோமீட்டர். திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், திண்டிவனம், கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். இன்னும் இரண்டு எழுத்து சேர்த்தாலும் கட்டம் ஒன்பதுக்கு நாலரை கிலோமீட்டர்தான் ஆகும். வீட்டு வாசல் தெரியாது, வட்டாரம் தெரியும். எழுத்துக்கூட்டு சண்டை கிடையாது, மாவட்டம் பிரிந்தாலும் கட்டம் பிரியாது. முகவரியை மூடிவையுங்கள், கட்டத்தைத் திறந்துவிடுங்கள்.

மூன்று. "இந்தியாவில் ஹாம்களே கொஞ்சம் பேர், இதுக்குப் போய்..." கொஞ்சம் பேர் என்றால் வேலை சுலபம் என்று அர்த்தம். அத்தனை பதிவும் ஒரு பழைய லேப்டாப்பில் அடங்கிவிடும்.

ஆக, கேட்பது ஐந்து

1. தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டுத் தேடும் வசதி.
2. மோர்ஸ், பேச்சு இரண்டுக்கும் தனித்தனிக் குழப்பப் பட்டியல். தானாகத் திருத்தக் கூடாது, வரிசைப்படுத்தினால் போதும்.
3. சாய்கோட்டை வெட்டிப் பார்க்கும் அறிவு. பழைய, புதிய, தற்காலிகக் கால்சைன்களுக்கு இடையே இணைப்பு.
4. ஊரும் பேரும் தமிழிலும் தட்டலாம். பெயருக்கு ஒரே கட்டம்.
5. கட்டக் குறி வைத்து "என் பக்கத்தில் யார்?" என்ற தேடல். முகவரி வெளியே வராமல்.

கடைசியாக நம்ம மக்களுக்கு. வருஷா வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று லைப்ரரி மேனேஜ்மெண்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட் என்று ஒரே சரக்கைப் புதுப் புது அட்டை போட்டுக் கொடுக்கிறோம். இந்த ஐந்தில் நான்காவதை மட்டும் எடுங்கள். நம்ம மாவட்டத்து ஊர்ப் பெயர்களுக்கு எத்தனை ஆங்கில எழுத்துக்கூட்டு புழக்கத்தில் இருக்கிறது என்று பஸ் போர்டு, ரேஷன் கார்டு, ரயில்வே ஸ்டேஷன் பலகை எல்லாம் பார்த்து ஒரு பட்டியல் செய்யுங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள். ஹாம் டைரக்டரி மட்டுமில்லை, ரத்த தானப் பட்டியல், காணாமல் போனவர் பட்டியல் எல்லாவற்றுக்கும் அது உதவும். செங்கம், ஆரணி, போளூர் மூன்றையும் நான் ஆரம்பித்துவிட்டேன். செய்யாறும் வந்தவாசியும் காலியாக இருக்கிறது, யார் வர்றீங்க?